மூலை மங்கினால் அடாப்டரைத் திட்டாதீர்கள்

கேள்வி: என்னிடம் சோனி ஏ7 III மிரர்லெஸ் கேமரா (உள்ளே மடங்கி எழும் மிரர் இல்லாதது) இருக்கிறது. ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்காகச் செய்த பழைய 28 மி.மீ. எம் மவுண்ட் (லைக்கா எம் கேமராவில் மாட்டும் வகை) லென்ஸ் ஒன்றை வாங்கி, அடாப்டர் வைத்துப் பொருத்தினேன். நடுப்பகுதி அருமை. ஆனால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் நான்கு மூலைகளும் குழம்பிப் போகின்றன. விற்றவரைக் கேட்டால், “அடாப்டர்தான் மட்டம், இதைப் போடுங்கள்” என்று விலை அதிகமான ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் முதலில் லென்ஸை விற்றார், இப்போது அடாப்டரை விற்கப் பார்க்கிறார். அடுத்து வேறொரு லென்ஸை விற்பார்.

அடாப்டர் வெறும் உலோக வளையம். எம் மவுண்ட் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 27.8 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். சோனியில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே இருப்பது 18 மி.மீ.தான். மீதி 9.8 மி.மீ. இடத்தை நிரப்புவது மட்டுமே வளையத்தின் வேலை. அது கோணலாக இருந்தால் படத்தின் ஒரு பக்கம் மங்கும், எதிர்ப்பக்கம் தெளிவாக இருக்கும். உங்களுக்கு நான்கு மூலையும் ஒரே மாதிரிப் போகிறது. சந்தேகம் தீரவில்லையா? அதே அடாப்டரில் யாரிடமாவது ஒரு 50 மி.மீ. எம் மவுண்ட் லென்ஸை இரவல் வாங்கி மாட்டி, வெகு தூரத்தில் இருக்கும் ஒரு காட்சியை எஃப்/8இல் எடுங்கள். மூலை வரை சீராக வந்தால் அடாப்டர் மேல் குற்றமில்லை.

குற்றம் சென்சார் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியில் இருக்கிறது. ஃபிலிமுக்கு முன்னால் எதுவும் கிடையாது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி அடுக்கு உண்டு. சோனியில் அது சுமார் 2 மி.மீ. தடிமன். தண்ணீரில் கிடக்கும் காசு மேலே எழும்பித் தெரிவதுபோல, இந்தக் கண்ணாடியும் ஒளி குவியும் இடத்தைத் தள்ளிவிடுகிறது. நேராக விழும் ஒளியைக் கொஞ்சம் தள்ளும். அதை நீங்கள் ஃபோக்கஸ் செய்யும்போதே சரிக்கட்டிவிடுகிறீர்கள். சாய்ந்து விழும் ஒளியை இன்னும் அதிகமாகத் தள்ளும். நடுவுக்குச் சரி செய்த ஃபோக்கஸ் மூலைக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் மடங்கி எழும் மிரர் உண்டு, ரேஞ்ச்ஃபைண்டரில் அது இல்லை. அதனால் பழைய வைட் லென்ஸ்களின் பின்முனையை ஃபிலிமை ஒட்டியே கொண்டுபோய் வைத்தார்கள். லென்ஸ் சின்னதாக வந்தது, கோடுகள் வளையாமல் நின்றன. அதற்குக் கொடுத்த விலை, மூலைக்குப் போகும் ஒளி படுசாய்வாக விழுவது. எஸ்.எல்.ஆர். லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு. நிகான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ. இடைவெளி விட்டாக வேண்டும் என்பதால் ஒளி ஓரளவு நிமிர்ந்தே வருகிறது. அழகில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், பழைய எஸ்.எல்.ஆர். 28 உங்கள் கேமராவில் இதைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும்.

வாங்குவோர் ஏமாறும் இடம் மாதிரிப் படம். விற்பவர் காட்டுவது சுருக்கிய படமாக இருக்கும், அல்லது லைக்கா எம்மில் எடுத்ததாக இருக்கும். லைக்கா எம் சென்சாரின் கண்ணாடி 1 மி.மீ.க்கும் குறைவு, சென்சார் புள்ளிகளின் மேல் இருக்கும் நுண்வில்லைகளையும் ஓரத்தில் சாய்ந்த ஒளிக்கு ஏற்ப நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் சோனிக்குச் சாட்சியே ஆகாது. உங்கள் கேமராவிலேயே எடுத்த, சுருக்காத, தொலைதூரக் காட்சியின் கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். “எல்லா மிரர்லெஸ்ஸிலும் வேலை செய்யும்” என்பார்கள். மாட்டினால் படம் விழும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கேமரா கம்பெனிகளையும் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. எத்தனை, நொடிக்கு எத்தனை படம் என்று பக்கம் பக்கமாக அச்சடிக்கிறார்கள். சென்சார் கண்ணாடியின் தடிமன் என்ற ஒரே ஒரு எண்ணை விவரத் தாளில் போட என்ன கேடு? அவர்கள் லென்ஸையே வாங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 2013இல் வந்த ஏ7ஆரில் இப்படிப்பட்ட லென்ஸ்கள் ஓரத்தில் ஊதாச் சாயத்தைக் கொட்டின. உங்களுடையது பின்புறம் ஒளி வாங்கும் சென்சார் என்பதால் அது பெரிதும் அடங்கியிருக்கும். மிச்சமிருந்தால் லைட்ரூமின் ஃப்ளாட் ஃபீல்டு கரெக்‌ஷன் பார்த்துக்கொள்ளும். மங்கிப்போன தெளிவை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

லென்ஸ் பிடிக்கும் காட்சியின் அகலம் கூடினால் கேடும் கூடும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபோய்க்லேண்டர் 15 மி.மீ. சூப்பர் வைட் ஹெலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் திருகு மவுண்ட்டில் வந்தது, பிறகு எம் மவுண்ட்டுக்கு மாறியது. இரண்டிலும் ஒளியியல் ஒன்றே, 6 தொகுதிகளில் 8 வில்லைகள். சோனியில் இரண்டும் மூலையில் சொதப்பும். 2015இல் வந்த மூன்றாவது பதிப்பை டிஜிட்டலுக்காகவே புதிதாக வரைந்தார்கள்: 9 தொகுதிகளில் 11 வில்லைகள், பின்பக்க ஒளி நிமிர்ந்து வரும்படி. அதே 15 மி.மீ., அதே எஃப்/4.5, உங்கள் 28ஐவிட மூலை தெளிவு. இங்கேதான் தரகர் விளையாடுவார். பழையதற்கும் “15 ஹெலியார்” என்றே பெயர். பெட்டி இல்லாமல் விற்கும்போது பதிப்பைச் சொல்ல மறந்துவிடுவார். முன்பக்க ஃபில்டர் மரையைப் பாருங்கள்: மூன்றாவதில் 58 மி.மீ., இரண்டாவதில் 52. கையில் தூக்கினால் மூன்றாவது நன்றாகவே கனக்கும். இதே 15 சோனி ஈ மவுண்ட்டிலேயே தனியாகவும் வந்திருக்கிறது. உங்களுக்கு அதுதான் தலைவலி இல்லாத வழி.

சென்சார் கண்ணாடியைக் கழற்றி மெல்லியதாக மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு லென்ஸுக்காக அதில் இறங்க வேண்டாம். உத்தரவாதம் போகும், சோனிக்கென்று செய்த வைட் லென்ஸ்கள் மூலையில் கெடும்.

திருப்பித் தர முடிந்தால் தந்துவிடுங்கள். முடியாவிட்டால் மனிதர்களை எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் யார் பார்க்கப் போகிறார்கள்? காட்சி எடுத்தே ஆக வேண்டுமென்றால் எஃப்/11 வைத்து, நடுவிலும் அல்லாமல் மூலையிலும் அல்லாமல் பாதி வழியில் ஃபோக்கஸ் செய்யுங்கள். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் ஏ.பி.எஸ்.-சி முறையில் எடுத்தால் மோசமான ஓரம் வெட்டுப்படும். ஆனால் 28 மி.மீ. லென்ஸ் உங்களுக்கு 42 போல ஆகிவிடும், 24 மெகாபிக்சல் பத்தாகிவிடும். அப்புறம், ஸ்டெடிஷாட்டில் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் கேமரா வசதி) குவியத்தூரத்தை 28 என்று கையால் பதிந்து வையுங்கள். லென்ஸ் எதுவென்று கேமராவுக்குத் தெரியாது. வேறு எண் கிடந்தால் நடுப்பகுதியும் ஆடும்.