எல்லை தாண்டாத ரோபோவுக்குக் காப்புரிமை: கேள்வி பதில்

நான் காப்புரிமை முகவர். தொழிற்சாலைகளில் ரோபோக்களை நிறுவி ஓடவைக்கும் கமிஷனிங் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். ரோபோவின் கருவி எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தடுக்கும் கன்ட்ரோலர்கள் பற்றிய விண்ணப்பங்களைக் காப்புரிமை அலுவலகம் எப்படி ஆய்வு செய்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இன்னும் தாக்கல் செய்யாத கண்டுபிடிப்பின் உள்விவரத்தை இங்கே எழுதாதீர்கள். எழுதிய நிமிடமே அது வெளியானதாகிவிடும்.

மதுரை, பொறியியல் மாணவி: அக்கா, "ரோபோவின் கருவி குறிப்பிட்ட பகுதியைத் தாண்டாமல் தடுக்கும் கன்ட்ரோலர்" என்று கிளெய்ம் எழுதினால் ஆய்வாளர் என்ன பார்ப்பார்?

கிளெய்ம் என்பது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியம். ஆய்வாளர் அதை வைத்து முதலில் பழைய ஆவணங்களில் தேடுவார். பி25ஜே 9/16, ஜி05பி 19/4061 ஆகிய காப்புரிமை வகைப்பாடுகளில் "மோதலையும் தடைசெய்த பகுதிகளையும் தவிர்த்தல்" என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதைத் திறந்தால் உங்கள் வாக்கியம் அப்படியே பல ஆவணங்களில் கிடைக்கும். ரோபோ நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களான ஏபிபியின் சேஃப்மூவ், ஃபானுக்கின் டூயல் செக் சேஃப்டி, கூக்காவின் சேஃப் ஆபரேஷன் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. இன்னும் பின்னால் போனால், 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் லூயிஸ் ரோசன்பெர்க் கண்ணுக்குத் தெரியாத மென்பொருள் வேலிகளை வைத்து, தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக் கையை வழிநடத்தினார். அதனால் "தடுக்கும்" என்பதில் புதுமை இல்லை. எந்த அளவீட்டை வைத்து எல்லை எங்கே என்று முடிவாகிறது, எல்லையை நெருங்கும்போது கன்ட்ரோலர் என்ன செய்கிறது, அதனால் என்ன நன்மை: இந்த மூன்றையும் உங்கள் கிளெய்ம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் ஆய்வறிக்கையிலேயே புதுமை இல்லை என்று வந்துவிடும்.

சென்னை, மென்பொருள் பொறியாளர்: இது வெறும் கணக்குதானே மேடம்? காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவில் அடிபடாதா?

3(கே) விலக்குவது கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றை. "தன்னளவிலான" என்ற சொல்தான் இதில் முக்கியம். ஃபெரிட் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று சொன்னது. புது வன்பொருள் வேண்டும் என்று 2016 வழிகாட்டுதல் கேட்டது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் கன்ட்ரோலர் ஒரு சர்வோ மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறது, பாகத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஜிக்கில் கருவி மோதாமல் நிற்கிறது என்றால் அது பௌதிக விளைவு. ஆனால் அந்த மோட்டாரும் அளவீடும் கிளெய்முக்குள் இருக்க வேண்டும். "எல்லையைக் கணக்கிடும் முறை" என்று நிறுத்திவிட்டால் ஆய்வாளர் 3(கே) போடுவார். அது நியாயமும்கூட.

கோவை, வார்ப்பு உதிரிபாகத் தொழில்: மேடம், எங்கள் விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதம் கழித்து வெளியிடவும்பட்டுவிட்டது. வார்ப்பின் பிசிறு எடுக்கும் ரோபோ. கிரைண்டிங் டிஸ்க் தேயத் தேய அதன் ஆரம் குறைகிறது, ஆனால் ரோபோவுக்குப் போட்ட எல்லை புது டிஸ்க் அளவுக்கே இருப்பதால் மூலைகளில் எட்டுவதில்லை. நாங்கள் மோட்டார் கரன்ட்டை வைத்துத் தேய்மானத்தை மதிப்பிட்டு, எல்லையைத் தானாக நகர்த்துகிறோம். முதல் ஆய்வறிக்கையில் இரண்டு ஆவணம் காட்டியிருக்கிறார்கள்: ஒன்று கருவிக்கு எல்லை போடும் கன்ட்ரோலர், மற்றது டிஸ்க் தேய்மானத்துக்கு ஏற்பப் பாதையைத் திருத்தும் ரோபோ. இரண்டையும் சேர்த்தால் எங்களுடையது வந்துவிடும் என்கிறார்கள்.

இன்று வந்ததில் இதைத்தான் விரிவாகப் பேச ஆசை. வெளியாகிவிட்டதால் பேசலாம்.

இரண்டு ஆவணத்தையும் ஆய்வாளரின் கண்ணால் படித்துப் பாருங்கள். இரண்டாவது ஆவணம் திருத்துவது பாதையை. எல்லையை அது தொடவே இல்லை. முதல் ஆவணத்தில் எல்லை இருக்கிறது, ஆனால் அந்த எல்லை எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்று பாருங்கள். இத்தகைய கன்ட்ரோலர்களில் பாதுகாப்பு எல்லையை மாற்ற வேண்டுமென்றால் ரோபோவை நிறுத்தி, கடவுக்குறியீடு போட்டு, புதிய செக்சம்மை, அதாவது அமைப்புக்கான சரிபார்ப்பு எண்ணை, உறுதி செய்ய வேண்டும். ஓட்டத்தில் யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அமைப்பே. அந்த ஆவணத்திலும் அப்படி எழுதியிருந்தால் உங்கள் பதிலின் முதுகெலும்பு அதுதான்: துறை அறிந்த ஒருவர் முதல் ஆவணத்தைப் படித்தால் எல்லையை ஓட்டத்தில் நகர்த்தும் யோசனைக்கு அவர் போக மாட்டார், அதிலிருந்து விலகித்தான் போவார். பத்தி எண்ணோடு காட்டுங்கள். "எங்கள் கண்டுபிடிப்பு வேறு" என்று பொதுவாக எழுதினால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. கரன்ட் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேய்மானம் மட்டும் காரணமில்லை. டிஸ்க் மழுங்கினாலும் மாறும், வார்ப்பில் பிசிறு தடியாக இருந்தாலும் மாறும். தேய்மானத்தை அதிகமாக மதிப்பிட்டுவிட்டால் எல்லை தேவைக்கு மேல் தளர்ந்து, டிஸ்க் ஜிக்கில் ஏறிவிடும். இதை எப்படிப் பிரித்தறிகிறீர்கள் என்று உங்கள் விவரணையில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், இருக்கிறதா? இல்லாவிட்டால் 10(4) பிரிவில், போதுமான அளவு வெளிப்படுத்தவில்லை என்று அடுத்த ஆட்சேபம் வரும்.

ஒரகடம், ரோபோ புரோகிராமர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். ஓட்டத்தில் எல்லையை யாரும் தொட மாட்டார்கள் என்பது சரியில்லை. பாதுகாப்பு இன்புட் ஒன்று கொடுத்து ஒரு ஸோனை (எல்லையிட்ட பகுதியை) அணைத்து இன்னொன்றைப் போடுவது எங்கள் வெல்டிங் லைனில் தினமும் நடக்கிறது.

சரியாகச் சொன்னீர்கள். ஆய்வாளரும் விசாரணையில் இதைக் கேட்கலாம். ஆனால் நீங்கள் மாற்றுவது ஏற்கெனவே வரையறுத்துப் பூட்டிய ஸோன்களுக்கு இடையில். இவர்கள் செய்வது, முன்பு இல்லாத ஓர் எல்லையை மதிப்பீட்டிலிருந்து உண்டாக்குவது. அந்த வேறுபாடு கிளெய்மில் எழுத்தாக இருக்க வேண்டும். "எல்லையை மாற்றுதல்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் சொன்ன ஸோன் மாற்றமே அதை விழுங்கிவிடும்.

ஒரகடம் புரோகிராமர்: அப்படியானால் பத்து ஆரத்துக்குப் பத்து ஸோன் முன்கூட்டியே போட்டு, தேய்மானத்தைப் பார்த்து ஒன்றொன்றாக மாற்றினால்? படிப்படியாக அதே வேலைதான். இதில் என்ன கண்டுபிடிப்பு?

இன்றைக்கு வந்த எதிர்வாதத்தில் இதுதான் வலுவானது. கணக்கிட்ட எல்லையா, படிப்படியான எல்லையா என்ற வேறுபாட்டை மட்டும் நம்பி நின்றால் இவர் வாதம் ஜெயிக்கும். அதனால் நான் அங்கே நிற்க மாட்டேன். எல்லையைத் தளர்த்த எது அனுமதி கொடுக்கிறது என்ற இடத்துக்கு நகர்வேன். கோவைக்காரரே, கரன்ட்டைத் தவிர வேறு ஏதாவது சரிபார்ப்பு உங்கள் இயந்திரத்தில் உண்டா?

கோவை: உண்டு மேடம். மேசையில் ஒரு நிலையான பின் இருக்கிறது. கரன்ட் கணக்கு "தேய்ந்துவிட்டது" என்று சொன்னதும் ரோபோ டிஸ்க்கை அந்தப் பின்னில் மெதுவாகத் தொட்டுப் பார்க்கும். அதன் பிறகுதான் எல்லை நகரும். புது டிஸ்க் மாட்டினால் பழைய எல்லைக்கே திரும்பிவிடும். படத்தில் பின் இருக்கிறது, விவரணையில் ஒரு பத்தியும் இருக்கிறது. கிளெய்மில் இல்லை.

அந்தப் பத்திதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. கரன்ட் சந்தேகத்தை எழுப்புகிறது, தனியான இன்னோர் அளவீடு உறுதி செய்கிறது, உறுதியான பிறகே எல்லை தளர்கிறது. நீங்கள் சொன்ன வரையில் அந்த இரண்டு ஆவணத்திலும் இது இல்லை. ஸோன் மாற்றும் வழக்கத்திலும் இல்லை. 10(4) கவலைக்கும் இதுவே பதில். முதன்மை கிளெய்முக்குள் கொண்டுவாருங்கள்.

கோவை: பின் என்று எழுதினால் போட்டியாளர் லேசர் சென்சார் வைத்துத் தப்பிவிடுவாரே?

முதன்மை கிளெய்மில் "மோட்டார் கரன்ட்டைச் சாராத இரண்டாவது அளவீடு" என்று வைத்து, பின்னை, முதன்மையைச் சார்ந்து அதைக் குறுக்கும் சார்பு கிளெய்மில் வைக்கலாமா என்பது உங்கள் பத்தியின் சொற்களைப் பொறுத்தது. அங்கே "பின் அல்லது வேறு அளவீட்டுச் சாதனம்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் முயலலாம். பின் மட்டும்தான் இருக்கிறது என்றால் பின்னோடு நில்லுங்கள்.

காரணம் 59ஆம் பிரிவு. தாக்கல் செய்தபின் விவரணையில் இல்லாத எதையும் சேர்க்க முடியாது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும். குறுக்கலாம், விரிக்க முடியாது. லேசர், கேமரா, தொடு பின், கேஜ் என்று உங்களுக்குத் தோன்றும் மாற்று வழியை எல்லாம் தாக்கல் செய்யும் அன்றே எழுதிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான். இரண்டு பத்தி கூடுதலாக எழுதச் சோம்பல்பட்டதால் நல்ல கண்டுபிடிப்புகள் கையைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஒரகடம் புரோகிராமர்: பாதுகாப்புச் சான்று கொடுப்பவர் இதை ஒத்துக்கொள்வாரா?

அது வேறு மேசை. தொழில் ரோபோக்களின் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 10218க்கு இணங்குகிறதா என்பதைக் காப்புரிமை ஆய்வாளர் பார்ப்பதில்லை. ஆனாலும் நல்ல கேள்வி. ஆட்கள் நிற்கும் பக்கத்து எல்லை பூட்டியபடியே இருக்க வேண்டும், ஜிக் பக்கத்து எல்லை மட்டும்தான் நகர வேண்டும். கோவைக்காரர் இயந்திரம் அப்படித்தான் என்றால், விவரணையிலும் இருக்கிறது என்றால், அதுவும் ஒரு சார்பு கிளெய்ம்.

திருச்சி, எலும்பு அறுவை மருத்துவர்: எலும்பைச் சீவும் கருவி திட்டமிட்ட எல்லையைத் தாண்டினால் ரோபோ தடுக்கிறது. இதற்கு இந்தியாவில் காப்புரிமை உண்டா?

கருவிக்கும் கன்ட்ரோலருக்கும் உண்டு. அறுவை சிகிச்சை முறைக்கு 3(ஐ) பிரிவில் கிடையாது. "எலும்பைச் சீவும் முறை" என்று வெளிநாட்டு விண்ணப்பத்தில் இருக்கும் கிளெய்மை இங்கே அப்படியே போட்டுவிட்டு அடி வாங்குபவர்கள் உண்டு. இந்தத் துறையில் பழைய ஆவணங்கள் மிக அடர்த்தி: ரோபோடாக் என்ற அறுவை ரோபோ 1992லேயே இடுப்பு மூட்டு அறுவையில் இறங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆக்ரோபாட், மருத்துவர் கையால் பிடித்து நகர்த்தும் கருவி எல்லையில் தானாக இறுகும்படி முழங்கால் அறுவைக்காக உருவானது. ஏ61பி 34 வகைப்பாட்டில் நன்றாகத் தேடிவிட்டு எழுதுங்கள்.

சேலம், மாணவர்: அக்கா, சாஃப்ட்வேருக்குக் காப்புரிமை கிடையாது என்கிறார்களே?

மேலே சென்னைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

திருப்பூர்: அல்காரிதம் மட்டும் காப்புரிமை பெற முடியுமா?

முடியாது. காரணம் மேலே இருக்கிறது.

ஈரோடு, ஸ்டார்ட்அப்: எங்கள் கையின் எல்லைக் கட்டுப்பாடு வித்தியாசமானது. முழங்கை மூட்டில் ஒரு ஸ்பிரிங் வைத்து, அதன்...

அதற்கு மேல் எழுதாதீர்கள், கேள்வியை இத்தோடு நிறுத்தியிருக்கிறேன். இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால் முதலில் தற்காலிக விவரணையாவது தாக்கல் செய்யுங்கள். முழு விவரணைக்குப் 12 மாதம் அவகாசம் உண்டு. தற்காலிகம்தானே என்று அரைப்பக்கத்தில் முடிக்காதீர்கள். அதில் இல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. ஸ்டார்ட்அப் என்பதால் இணையவழித் தாக்கலுக்கு 1600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4000. அவசரமென்றால் 18ஏ படிவத்தில் விரைவு ஆய்வு கேட்கலாம், அது 8000. பத்து கிளெய்முக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம்.

கும்பகோணம், மாணவர்: கல்லூரிக் கண்காட்சியில் ரோபோவைக் காட்டி வீடியோவும் போட்டுவிட்டோம். ஏழு மாதம் ஆகிறது. பரவாயில்லையா?

கேட்கவே வருத்தமாக இருக்கிறது. முன்பே வெளியானதைப் பொறுத்துக்கொள்ளும் 31ஆம் பிரிவின் விலக்கு, மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்கு மட்டும். கல்லூரிக் கண்காட்சி அதில் வராது. ஆனால் வீடியோவில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கை நிற்பது மட்டும் தெரிந்து, எதை அளந்து நிறுத்துகிறீர்கள் என்பது எங்கும் வெளிப்படவில்லை என்றால் அந்த உள்வேலை இன்னும் உங்களுடையதாக இருக்கலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு, உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் வசிப்பவர் 39ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காமல் நேராக வெளிநாட்டில் தாக்கல் செய்வது குற்றம். இந்த வாரமே ஒரு முகவரைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: இலங்கையில் நடைமுறை எப்படி?

அங்கே சட்டம் தனி, நான் அங்கே வேலை செய்வதில்லை. கொழும்பில் உள்ள தேசிய அறிவுசார் சொத்து அலுவலகத்தைக் கேளுங்கள்.

மிச்சிகன், ரோபோ பொறியாளர்: அமெரிக்க ஆய்வாளர் "வேகத்தைக் குறைக்குமாறு அமைக்கப்பட்ட கட்டுப்பாட்டுப் பகுதி" என்ற சொற்றொடரை அவர்கள் சட்டத்தின் 112(எஃப்) பிரிவில் வருவதாக எடுத்துக்கொண்டார். ஏன்?

2015இல் வில்லியம்சன் எதிர் சிட்ரிக்ஸ் தீர்ப்புக்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. அமைப்பைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும் பெயர்களை, விவரணையில் காட்டிய அமைப்புக்கும் அதற்கு இணையானவற்றுக்கும் மட்டும் சுருக்கிப் படிப்பார்கள். விவரணையில் படிப்படியான செயல்முறை இல்லாவிட்டால் தெளிவின்மை என்று கிளெய்மே விழும். இங்கேயும் ஃபுளோ சார்ட் போடுங்கள் என்கிறேன். அலட்சியப்படுத்தாதீர்கள்.

தஞ்சாவூர்: ஐடியா மட்டும் இருக்கிறது, காப்புரிமை கிடைக்குமா?

எப்படிச் செய்வது என்று எழுத முடிந்தால் கேளுங்கள்.

ஓசூர்: சாஃப்ட்வேர் என்பதால்...

மேலே இருக்கிறது.

கோவை: கடைசியாக ஒன்று மேடம். பதில் கொடுக்க எவ்வளவு நாள்?

முதல் ஆய்வறிக்கை தேதியிலிருந்து 6 மாதம். அது முடிவதற்குள் கேட்டால் 3 மாதம் வரை நீட்டிப்பு. பதில் கொடுக்காமல் விட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். விசாரணைக்கு அழைத்தால் பின் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி எடுத்துப் போங்கள், டிஸ்க் தேய்ந்த நிலையில் ஒரு படம், புது டிஸ்க்கோடு ஒரு படம். விசாரணை முடிந்ததும் எழுத்துப்பூர்வ வாதத்துக்கு 15 நாள்தான். மறுத்துவிட்டால், சென்னை அலுவலகத்து விண்ணப்பம் என்பதால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரம் தரும் படிவம் 3, ஆய்வறிக்கை வந்த 3 மாதத்துக்குள் போக வேண்டும். வெளிநாட்டில் எங்கேயாவது தாக்கல் செய்திருந்தால் அதை இன்றே பாருங்கள்.