ஒரே அறை, ஒரே காசநோய்; மருந்து மட்டும் ஏன் வேறு?

கேள்வி: என் தம்பிக்கும் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பருக்கும் அடுத்தடுத்து நுரையீரல் காசநோய் வந்தது. நண்பருக்கு வழக்கமான 6 மாத மாத்திரை. தம்பிக்குச் சளிப் பரிசோதனையில் ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு’ என்று வந்ததால் மருந்தையே மாற்றிவிட்டார்கள். புது மாத்திரை குமட்டுகிறது, நண்பரின் மாத்திரையையே சாப்பிடுகிறேன் என்று அடம்பிடிக்கிறான். கிருமி ஒன்றுதானே டாக்டர்? ‘பெய்ஜிங் வகை’ மோசமானது என்று படித்தேன். அதுவாக இருக்குமோ?

பதில்: நண்பரின் மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று இன்றே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அதில் முதுகெலும்பு போன்ற மருந்தே ரிஃபாம்பிசின்தான். தம்பியின் கிருமி அதற்கு அசையாது. கூட இருக்கும் மருந்துகளுக்கும் அது பழகிவிட்டால், பிறகு கைவசம் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கிருமி ஒன்றுதானா என்று கேட்டீர்கள். பெயர் ஒன்றுதான். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் கிருமி அத்தனையையும் படியெடுக்கிறது; எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ரிஃபாம்பிசின் போய் ஒட்டிக்கொள்ளும் நொதிக்கான மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னத் துண்டு உண்டு. பிசகு அங்கே விழுந்தால், மருந்து உள்ளே போயும் ஒட்ட முடியாமல் வீணாகிவிடும். தம்பியின் சளியில் இயந்திரம் தேடிப் பார்த்தது அந்தத் துண்டைத்தான்.

வேறு பல கிருமிகள் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதன் எதிர்ப்பு முழுக்க இப்படிச் சொந்தப் பிழையில் பிறப்பதுதான். நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள்ளேயே கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு மருந்துக்கு மசியாதவை சில, சிகிச்சை தொடங்கும் முன்பே இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அவை மட்டும் பெருகும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நடந்தது இதுதான்: தேறி வந்தவர்களில் பலர் மறுபடி படுத்தார்கள். இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

சரி, பெய்ஜிங் வகை. மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமியில் பல பரம்பரைகள் உண்டு; பெய்ஜிங் அவற்றில் ஒன்று. அதில் மருந்து எதிர்ப்பு அதிகம் காணப்படுவது உண்மைதான். ஆனால் பரம்பரையைப் பார்த்து நாங்கள் மாத்திரை எழுதுவதில்லை. எந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். அந்தப் பெயரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நண்பர்தான். இருவருக்கும் வெவ்வேறு இடத்தில் தொற்றியிருக்கலாம். அல்லது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கலாம். அப்படியானால் அவருடைய கிருமியிலும் இதே பிழை இருக்கக்கூடும். அவர் சளியில் இந்த மரபணுச் சோதனை செய்தார்களா? மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்திருந்தால் கிருமி தெரியும், எதிர்ப்பு தெரியாது. தம்பியின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் உடனே தன் டாக்டரைப் பார்க்கட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். சோதனை முடிவு சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் தம்பியின் குமட்டல். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து தருவார். புது மருந்துகளில் லினசோலிட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், பாதம் மரத்துப்போனாலோ பார்வை மங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்ட வேண்டும். எதிர்ப்புக் காசநோய்க்கு ஒரு காலத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டார்கள், அதில் மாதக்கணக்கில் ஊசியும் உண்டு. 2022 முதல், தகுதியுள்ளவர்களுக்கு ஊசியே இல்லாத 6 மாத சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தம்பிக்கு அது பொருந்துமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.