மெயின் கோடு ஜாவா 8, டெஸ்ட் மட்டும் ஜாவா 17: கேள்வி பதில்

நான் பராமரிக்கும் லைப்ரரியின் மெயின் கோடு, அதாவது பயனர்களுக்குப் போகும் கோடு, இன்றும் ஜாவா 8-இல் ஓடியாக வேண்டும். பயன்படுத்துகிறவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சோதிக்கும் டெஸ்டுகளை ஜாவா 17-க்குக் கொண்டுபோய்விட்டோம். இதைச் சொன்னதும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், ஒரே புராஜெக்டில் மெயின் கோடு ஒரு வெர்ஷன், டெஸ்ட் வேறு வெர்ஷன் என்று வைக்க முடியுமா?

முடியும். புராஜெக்டை பில்ட் செய்யும் கருவிகளான மேவனும் கிரேடிலும் மெயின் கோடையும் டெஸ்டையும் எப்படியும் தனித்தனியாகத்தான் கம்பைல் செய்கின்றன. மேவன் கம்பைலர் பிளகினில் 'ரிலீஸ்' 8, 'டெஸ்ட்ரிலீஸ்' 17 என்று கொடுங்கள். கிரேடிலில் மெயினைக் கம்பைல் செய்யும் டாஸ்க்குக்கு ரிலீஸ் 8, டெஸ்டைக் கம்பைல் செய்யும் டாஸ்க்குக்கு ரிலீஸ் 17 என்று கொடுங்கள். பில்ட் செய்யும் மெஷினில் ஜேடிகே (கம்பைலர் அடங்கிய ஜாவா தொகுப்பு) 17 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

17-க்குக் கம்பைல் ஆன கிளாஸ் கோப்பில் வெர்ஷன் எண் 61 என்று பதிவாகும். ஜாவா 8 ஏற்பது 52 வரைதான். ஆகவே அந்த டெஸ்டுகள் ஜாவா 8-இல் ஓடாது. வெளியே போகும் ஜாரில் (லைப்ரரியைக் கட்டித் தரும் கோப்பு) மெயின் கிளாஸ்கள் மட்டுமே இருப்பதால் பயனர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

கேள்வி: நாங்கள் பல வருடமாக சோர்ஸ் 8, டார்கெட் 8 என்றுதான் வைத்திருக்கிறோம். அது போதாதா?

போதாது. சோர்ஸ் என்பது எழுதும் மொழியின் வெர்ஷன், டார்கெட் என்பது கிளாஸ் கோப்பின் வெர்ஷன், அவ்வளவுதான். இதில் நாங்களே அடிபட்டிருக்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் கோடில் ஒரு பைட்பஃபரின் (பைட்டுகளை வைத்திருக்கும் ஜாவா கிளாஸ்) மேல் ஃபிளிப் மெத்தடை அழைக்கும் வரி ஒன்று இருந்தது. பழைய வரி, புது அம்சம் எதுவும் அதில் இல்லை. ஜாவா 8-இல் ஃபிளிப், பஃபர் என்ற மேல் கிளாஸில்தான் இருக்கிறது. திருப்பித் தருவதும் பஃபர்தான். ஜாவா 9-இல் பைட்பஃபர் அதைத் தானே எழுதிக்கொண்டு, பைட்பஃபரையே திருப்பித் தர ஆரம்பித்தது. சோர்ஸ், டார்கெட் இரண்டும் 8 என்று இருந்தாலும், கம்பைலர் பார்த்தது புது ஜேடிகேயின் கிளாஸ்களை. அதனால் 'பைட்பஃபரைத் திருப்பித் தரும் ஃபிளிப்' என்று பைட்கோடில், அதாவது கிளாஸ் கோப்புக்குள், எழுதிவிட்டது. அந்த மெத்தட் ஜாவா 8-இல் கிடையாது. எங்கள் டெஸ்டுகள் புது ஜேடிகேயில் ஓடி எல்லாம் பச்சை காட்டின. பயனரிடம் போனதும் 'நோ சச் மெத்தட் எரர்'.

ஜேடிகே 9-இல் வந்த ரிலீஸ் ஆப்ஷன் இதற்காகத்தான் இருக்கிறது. ரிலீஸ் 8 என்றால் ஜாவா 8-இல் இருந்த கிளாஸ், மெத்தட் பட்டியலை வைத்தே கம்பைல் ஆகும். டெஸ்டை மேலே கொண்டுபோகும் முன்பு முதலில் இதை மாற்றுங்கள்.

கேள்வி: டெஸ்டெல்லாம் 17-இல் ஓடுகிறது, கோடு 8-இல் ஓடப்போகிறது. அப்படியானால் 8-இல் சரியாக வேலை செய்யும் என்று யார் சோதித்தது?

இந்த மாற்றத்தில் உண்மையான இழப்பு இதுதான். பலர் இதைக் கவனிக்காமலே கடந்துபோய்விடுகிறார்கள். ரிலீஸ் ஆப்ஷன் ஒரு மெத்தட் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்காது.

உதாரணத்துக்கு, 2இ23 (2 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு) என்ற டபுளை எழுத்தாக மாற்றினால் ஜாவா 8 தருவது 1.9999999999999998இ23. ஜேடிகே 19 முதல் 2.0இ23. கேரக்டர் என்கோடிங்கும் அப்படித்தான்: ஜேடிகே 18 முதல் எங்கேயும் யூடிஎஃப்-8 தான் டீஃபால்ட், அதற்கு முன்பு ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்வதுதான். தேதி, நேரம் காட்டும் லோக்கேல் தரவு (மொழி, நாடு சார்ந்த வடிவங்கள்) ஜேடிகே 9-இல் மாறியது.

ஆகவே இரண்டாவதாக ஒரு சின்ன டெஸ்ட் தொகுப்பு வைத்திருக்கிறோம். அது ஜாவா 8 மொழியில் எழுதியது, ஜேடிகே 8-இல் ஓடுகிறது, பில்ட் ஆன ஜாரை எடுத்துச் சோதிக்கிறது. கோப்பு, என்கோடிங், தேதி, எண்ணை எழுத்தாக்குவது, ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸ்களின் உள்ளே பார்ப்பது) ஆகியவற்றைத் தொடும் டெஸ்டுகள் மட்டும் அதில் இருக்கும். மேவனில் இதைத் தனி மாட்யூலாக வைத்து, டெஸ்டுகளை ஓட்டும் பிளகினான ஷ்யூர்ஃபயரின் 'ஜேவிஎம்' அமைப்பில் ஜேடிகே 8-இன் 'ஜாவா' புரோகிராமின் பாதையைக் கொடுங்கள். கிரேடிலில் டூல்செயின் (எந்த ஜேடிகே என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு) மூலம் அந்த டெஸ்ட் டாஸ்க்குக்கு மட்டும் 8 என்று சொல்லலாம். டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் 5-க்கு ஜாவா 8 போதும். ஜேயூனிட் 6-க்கு 17 வேண்டும், போலி ஆப்ஜெக்டுகள் செய்யும் மாக்கிங் லைப்ரரியான மாக்கிட்டோ 5-க்கு 11 வேண்டும், ஆகவே இவை இரண்டும் இந்தத் தொகுப்புக்குள் வரக்கூடாது.

இந்த இரண்டாவது தொகுப்பை வைக்க நேரமில்லை என்றால், டெஸ்டுகளை 8-லேயே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்கு அப்படி என்ன கிடைக்கிறது அண்ணா?

படிக்க முடிகிற டெஸ்ட் கிடைக்கிறது. ஜாவா 8-இல் ஒரு ஜேசானை (தரவை எழுதும் ஓர் எழுத்து வடிவம்) டெஸ்டுக்குள் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரு பக்கமும் மேற்கோள்குறி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ், கடைசியில் நியூலைன் குறி, அப்புறம் கூட்டல் குறி. பன்னிரண்டு வரி ஜேசானில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் படவே படாது. ஜாவா 15-இல் நிலையான, பல வரி எழுத்துக்கான டெக்ஸ்ட் பிளாக்கில் மூன்று மேற்கோள்குறி திறந்து ஜேசானை அப்படியே ஒட்டிவிடலாம்.

தரவை மட்டும் வைத்திருக்கும் சிறு கிளாஸான ரெக்கார்ட் ஜாவா 16-இல் நிலையானது. உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை, விளக்கம் என்று மூன்று புலம் கொண்ட ஒரு ரெக்கார்டை டெஸ்ட் மெத்தடுக்குள்ளேயே ஒரு வரியில் அறிவித்து, அதன் பட்டியலைச் சுற்றி வரலாம். முன்பு இதற்காகவே ஒரு தனி கிளாஸ் எழுதினோம், அல்லது ஆப்ஜெக்ட் அரேயில் போட்டு எந்த இடத்தில் எது என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: டெக்ஸ்ட் பிளாக்குக்கு மாற்றியதும் ஒப்பீடு தோற்கிறது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

மூன்று இடங்களைப் பாருங்கள். மூடும் மேற்கோள்குறி தனி வரியில் இருந்தால் கடைசியில் ஒரு நியூலைன் சேரும். வரிக் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களைக் கம்பைலர் நீக்கிவிடும். அப்புறம், சோர்ஸ் கோப்பு எப்படி இருந்தாலும் டெக்ஸ்ட் பிளாக்கில் வரிமுடிவு எப்போதும் ஒற்றை நியூலைன்தான். விண்டோஸில் பிரிண்ட்எல்என் எழுதுவதோ கேரேஜ் ரிட்டர்னும் சேர்ந்த இரட்டை. விண்டோஸில் மட்டும் தோற்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: டெஸ்டை 21-இல் ஓட்டினோம். '3:30 பிஎம்' எதிர்பார்த்தோம், '3:30 பிஎம்' வந்தது, ஆனாலும் ஃபெயில்!

இரண்டு எழுத்துவரிசையையும் யூனிகோடு எண்களாக அச்சடித்துப் பாருங்கள். 30-க்கும் பிஎம்முக்கும் நடுவே இருப்பது சாதாரண இடைவெளி இல்லை, யூ+202எஃப் என்ற குறுகிய, உடையாத இடைவெளி. ஜேடிகே 20, சிஎல்டிஆர் (யூனிகோடின் லோக்கேல் தரவுத் தொகுப்பு) 42-க்கு மாறியபோது ஆங்கில நேர வடிவத்தில் இது புகுந்தது.

அந்த எழுத்தை நகலெடுத்து டெஸ்டில் ஒட்டிப் பச்சையாக்கிவிடாதீர்கள். அந்த நேரத்தை வேறு புரோகிராம் படிக்கிறதா, மனிதர் படிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். புரோகிராம் படிப்பதென்றால் வடிவத்தை நீங்களே பேட்டர்னாக எழுதுங்கள், லோக்கேலை நம்பாதீர்கள். மனிதர் படிப்பது மட்டும் என்றால் டெஸ்டில் இடைவெளிகளைச் சமப்படுத்தி ஒப்பிடலாம். உங்கள் மெயின் கோடு இப்படிப்பட்ட நேரத்தைப் பார்ஸ் செய்கிறது என்றால், ஜாவா 21-க்குப் போகும் பயனருக்கு வரப்போகும் பக் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

கேள்வி: 'இன்அக்சஸிபிள் ஆப்ஜெக்ட்' எக்செப்ஷன் நிறைய வருகிறது. ஆட்-ஓப்பன்ஸ் போட்டுச் சமாளிக்கலாமா?

ஆட்-ஓப்பன்ஸ் என்பது ஜேடிகேயின் உள் பகுதியை ரிஃப்ளெக்ஷனுக்குத் திறந்துவிடும் ஆப்ஷன். முதலில், எக்செப்ஷன் யாரால் வருகிறது என்று ஸ்டேக் டிரேஸில் (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற பட்டியல்) பாருங்கள். ஜேடிகேயின் உள் கிளாஸ்களை ரிஃப்ளெக்ஷனால் திறப்பது 16 முதல் இயல்பாகவே தடை, 17-இல் அதை மொத்தமாகத் தளர்த்தும் ஆப்ஷனும் போய்விட்டது. பழைய மாக்கிங் லைப்ரரி என்றால் புது வெர்ஷனுக்கு மாறுங்கள். உங்கள் மெயின் கோடே காரணம் என்றால் டெஸ்டில் ஆட்-ஓப்பன்ஸ் போடுவது பிரச்சினையை மறைக்கும். 17-இல் ஓட்டும் பயனர் அந்த ஆப்ஷனைத் தானே கொடுக்காத வரை அவருக்கு அது உடையும்.

கேள்வி: பழைய டெஸ்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

வேண்டாம். முதல் கமிட்டில் பில்ட் அமைப்பு மட்டும் மாறட்டும், ஒரு டெஸ்டைக்கூடத் தொடாதீர்கள். அதில் உடைவதெல்லாம் ஜேடிகே மாற்றத்தால் உடைந்தது என்று சந்தேகமில்லாமல் தெரியும். அப்புறம், வேறு வேலையாக ஒரு டெஸ்டைத் திறக்கும்போது அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐடிஇயில் (கோடு எழுதும் எடிட்டரில்) மெயின் கோடிலும் ஜாவா 8-இல் இல்லாத 'வார்' எழுத விடுகிறதே?

சில ஐடிஇகள் ஒரு மாட்யூலுக்கு ஒரே மொழி அளவைத்தான் வைத்துக்கொள்கின்றன. பில்ட் பிடித்துவிடும், ஆபத்தில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: 17-ஆ, 21-ஆ?

எழுதுவது எதில், ஓட்டுவது எதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டிய டெக்ஸ்ட் பிளாக்கும் ரெக்கார்டும் 17-இல் இருப்பதால் அதில் எழுதுகிறோம்; ஓட்டுவது 17, 21, 25 மூன்றிலும். ஜேடிகே 20 முதல் ரிலீஸ் 8 பழையது என்று கம்பைலர் எச்சரிக்கும். எச்சரிக்கையை எரராக எடுத்துக்கொள்ளும் பில்ட் அங்கேயே நின்றுவிடும். 21-இல் மாக்கிட்டோ ஏஜென்ட் (ஓடும்போதே கிளாஸ்களை மாற்றும் பகுதி) பற்றியும் ஓர் எச்சரிக்கை வரும். அந்த ஏஜென்டை 'ஜாவாஏஜென்ட்' ஆப்ஷனில் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும்.

கேள்வி: மெயின் கோடை எப்போது 17-க்குக் கொண்டுபோவீர்கள்?

அடுத்த பெரிய வெர்ஷனில். சிறு வெர்ஷனில் செய்தால், அப்டேட் மட்டும் செய்த ஒருவரின் சர்வர் காலையில் எழும்பாது. அது வெளியாகும் நாளில் ஜேடிகே 8 தொகுப்பு அந்தக் கிளையிலிருந்து நீங்கும். பழைய கிளைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் வரை, அங்கே அது ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.