ஜாமீனுக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: 22 வயது மகன் 3 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டு ரிமாண்டில் இருக்கிறான். வக்கீல் செலவுக்கு அரை ஏக்கரை விற்கலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: விற்காதீர்கள் அம்மா. கேரள நீதிமன்றங்களில் ஜாமீன்தாரரிடம் பெரும்பாலும் நிலவரி ரசீதுதான் கேட்பார்கள். வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். உத்தரவு வந்தும் பிள்ளைகள் உள்ளேயே கிடப்பது இந்த ரசீது இல்லாமல்தான். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு: சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் வணிக அளவு 20 கிலோ. இது 3 கிலோ என்பதால் அந்தச் சட்டத்தின் 37-வது பிரிவின் ஜாமீன் கெடுபிடி இதற்குப் பொருந்தாது. அவனுக்கும் பழக்கம் உண்டென்றால் ஜெயில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்திய முதல் வாரம் தூக்கமும் பசியும் கெடும், எரிந்து விழுவான். அதற்காகப் பார்க்கப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.