துகள்கள் பருப்பதில்லை: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: சூடாக்கினால் பொருள் விரிகிறதே, அதிலுள்ள துகள்களும் (அணுக்கள், மூலக்கூறுகள்) பருத்துவிடுமா?

இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான். துகள்களின் உருவளவு மாறுவதில்லை; அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவே கூடுகிறது. திண்மத்தின் துகள்களை அடுக்கி வைத்த செங்கற்களைப் போல எண்ணிவிடக் கூடாது. அவை தத்தம் இடத்தில் நின்றபடியே ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடு ஏற ஏற அந்த அதிர்வு வலுப்பதால், பக்கத்துத் துகளுடன் உள்ள சராசரித் தொலைவு சற்றே கூடுகிறது. அதேபோல, மெழுகு உருகும்போது அதன் மூலக்கூறு உருகுவதில்லை. ஒற்றை மூலக்கூறைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அது திண்மமா நீர்மமா என்று கேட்பதற்கே பொருளில்லை; நிலை என்பது கூட்டத்துக்கு உரிய பண்பு.

கேள்வி: துகள்களுக்கு இடையே காற்று இருக்குமா?

இருக்காது. காற்றும் துகள்களால் ஆனதுதான் என்பதால், அந்த இடைவெளி வெற்றிடமே. (தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வேறு, மீன்கள் அதைக் கொண்டுதான் சுவாசிக்கின்றன.)

கேள்வி: உலை கொதித்த பின் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அவ்வளவு வெப்பமும் எங்கே போகிறது?

துகள்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் போகிறது. வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டுவது. கொதிக்கும்போது நாம் தரும் ஆற்றல் அவற்றின் வேகத்தைக் கூட்டாமல், அவை ஒன்றையொன்று பிடித்துவைத்திருக்கும் கவர்ச்சி விசையை மீறுவதற்கே செலவாகிவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதை முழுவதும் ஆவியாக்கவோ 2,257 கிலோஜூல் வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். எனவே கொதி வந்த பின் தீயைக் கூட்டினால் அரிசி விரைவாக வேகாது, தண்ணீர்தான் விரைவாக வற்றும்.

அந்த ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1,670 லிட்டர் நீராவியாகிறது. அதாவது துகளுக்குத் துகள் உள்ள தொலைவு 12 மடங்கு ஆகிறது. நீர்மத்தின் துகள்களை நன்றாக விலக்கி வரையும் படங்கள் எனக்கு உடன்பாடானவை அல்ல. நீர்மத்திலும் அவை திண்மத்தைப் போலவே நெருங்கித்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று உரசி நழுவிச் செல்ல முடிகிறது என்பதே வேறுபாடு.

கேள்வி: சமையல் எரிவாயு சிலிண்டரை அசைத்தால் உள்ளே தண்ணீர் போலத் தளும்புகிறது. வாயு எப்படித் தளும்பும்?

தளும்புவது வாயு அன்று. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த நீர்மம். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் −42 டிகிரியிலும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியும் கொதித்துவிடும். அழுத்தத்தால் துகள்கள் நெருக்கப்படுவதால்தான் நம் வெயிலிலும் அவை நீர்மமாக நிற்கின்றன. அடுப்பைத் திறந்ததும் மேலே உள்ள வாயு வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நீர்மத்தின் மேற்பரப்பிலிருந்து துகள்கள் கிளம்புகின்றன. வேகம் மிகுந்தவையே முதலில் கிளம்பும் என்பதால், எஞ்சிய நீர்மம் குளிர்கிறது. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்: மேற்பகுதி காய்ந்துவிடும், நீர்மம் உள்ள மட்டத்துக்குக் கீழே ஈரம் தங்கியிருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: வாயுத் துகள்கள் வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்கிறார்கள். பிறகு ஏன் மல்லிகை மணம் அடுத்த அறைக்கு வர நேரமாகிறது?

வேகம் உண்மைதான், ஆனால் நேராகப் போக வழியில்லை. அறைக் காற்றில் ஒரு மூலக்கூறு, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கடக்கும் முன்பே இன்னொன்றின்மீது மோதித் திசை மாறிவிடுகிறது. இத்தகைய மோதல்கள் வினாடிக்குப் பல நூறு கோடி. திருவிழாக் கூட்டத்தில் ஓடப் பார்ப்பவன் நிலைதான் அதற்கும். துகள்கள் இப்படி மோதி மோதித் தாமாகவே பரவும் விரவலை மட்டும் நம்பியிருந்தால் மணம் வந்துசேரப் பல மணி நேரமாகும். நமக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் காற்றோட்டமே.

கேள்வி: திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக இருக்குமென்றால் பனிக்கட்டி ஏன் மிதக்கிறது?

தண்ணீர் ஒரு விதிவிலக்கு. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் கவர்ச்சியால் குறிப்பிட்ட கோணத்தில் பற்றிக்கொள்வதால் இடையிடையே வெற்றிடம் உள்ள கூடு உருவாகி, பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது. ஃப்ரீசரில் நிறைய நீர் ஊற்றி வைத்த கண்ணாடிப் பாட்டில் விரிசல் விடுவது இதனால்தான். தேங்காய் எண்ணெயோ பொதுவிதிக்குக் கட்டுப்பட்டது. குளிர்காலத்தில் அதன் உறைந்த பகுதி அடியில்தான் தங்கும்.