பூனைக்கு கொரோனா ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் எஃப்ஐபிதானா?

பூனை சரியாகச் சாப்பிடவில்லை, ரத்தம் எடுத்தார்கள், கொரோனா ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தது, "எஃப்ஐபி, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்க வேண்டும். எஃப்ஐபி என்பது பூனைக் கொரோனா வைரஸால் (நம் கோவிட் இல்லை) பூனைகளுக்கு வரும் கொடிய நோய். ஆனால் அந்த ஒரு தாளை நம்பி எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. "இணையத்தில் படித்துவிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்கிறான்" என்று சொல்ல வருகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் கறுப்பன், வெள்ளச்சி என்று ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகள். ஒரு வயது தாண்டும் முன்பே வெள்ளச்சிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், அப்புறம் வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். துள்ளி விளையாடிக்கொண்டிருந்த கறுப்பனுக்கு டைட்டர், அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடியின் அளவு, 1:1600 (பின்னால் வரும் எண் பெரிதானால் ஆன்டிபாடி அதிகம்). நோயில் கிடந்தவளுக்கு 1:400. அதைப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர், வெள்ளச்சிக்கு வேறு ஏதோ, கறுப்பனைத்தான் இனி கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

வேறொரு மருத்துவர்தான் விளக்கினார். பூனைக் கொரோனா வைரஸ் பெரும்பாலும் குடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போவது. பல பூனைகள் சேர்ந்து வாழும் இடத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஆன்டிபாடி இருக்கும். அவற்றில் சிலவற்றின் உடலுக்குள் மட்டும் வைரஸ் மாறி, மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து எஃப்ஐபி ஆகிறது. ஆன்டிபாடி டெஸ்டுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'வைரஸைச் சந்தித்திருக்கிறது' என்பதோடு அதன் வேலை முடிந்தது. நோய் முற்றிய பூனையில் ஆன்டிபாடிகள் வைரஸோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால் டைட்டர் குறைவாகக்கூட வரலாமாம்.

அவர் முதலில் கேட்டது வயிற்றில் கோத்திருந்த நீரை. மஞ்சளாக, பிசுபிசுப்பாக வந்தது. ஒரு சோதனைக் குழாயில் 8 மில்லி காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலம், அதன்மேல் மெதுவாக வயிற்றிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டு. சொட்டு கரைந்து போனால் நெகட்டிவ். எங்களுடையது கரையாமல் ஜெல்லி மீன் மாதிரி மிதந்து மெல்லக் கீழே இறங்கியது. இதுதான் ரிவால்டா டெஸ்ட். பழங்காலத்து டெஸ்ட், இப்போது யார் செய்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். நெகட்டிவ் வந்தால் எஃப்ஐபி இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்ல இன்றும் உதவுகிறது. பாசிட்டிவ் மட்டும் போதாது, பாக்டீரியா தொற்றாலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாலும் அப்படி வரலாம்.

அதனால் அதே நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினார். புரதம் அதிகம், செல்கள் குறைவு. ரத்தத்தில் அல்புமின்–குளோபுலின் என்ற இரண்டு புரதங்களின் விகிதம் 0.4-க்குக் கீழே. இந்த விகிதம் 0.8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எஃப்ஐபி இல்லை என்பார்கள். கடைசியாக வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர், அதுவும் வயிற்று நீரில். மலத்தில் பிசிஆர் செய்து பாசிட்டிவ் வந்தால் குடலில் வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், கறுப்பனுக்குச் செய்திருந்தாலும் வந்திருக்கும். வெள்ளச்சிக்கு நீரிலேயே நிறைய வைரஸ் இருந்தது. மற்ற எல்லாமும் ஒத்துப்போனதால் எஃப்ஐபி என்று எடுத்துக்கொண்டார். திசுவை எடுத்து மேக்ரோஃபேஜுக்குள் வைரஸைச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிதான் உறுதியிலும் உறுதி. ஆனால் அந்த நிலையில் இருந்த பூனையை அறுக்க அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூனையையும் நாயையும் ஒரே கூடத்தில் காத்திருக்க வைக்கும் மருத்துவமனைகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நடுங்கிக்கொண்டிருக்கும் பூனையின் கூண்டுக்குள் ஒரு பெரிய நாய் மூக்கை விடும், அதன் சொந்தக்காரர் "ஒண்ணும் பண்ணாது" என்று சிரிப்பார். பயந்த பூனைக்கு ரத்தச் சர்க்கரைகூட ஏறிவிடும், அப்புறம் அதற்கு ஒரு விளக்கம் கேட்டு அலைய வேண்டும். ஒரு மூலையில் தடுப்பு வைக்க என்ன ஆகிவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "ஒன்றும் செய்ய முடியாது" என்பது பழைய பேச்சு. 2019-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு, ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து எஃப்ஐபி வந்த பெரும்பாலான பூனைகள் பிழைத்ததைப் பதிவு செய்தது. வெள்ளச்சியும் அந்த மருந்தில்தான் எழுந்தாள். கறுப்பனுக்கு இன்றுவரை ஒன்றுமில்லை.

வயிற்றிலோ மார்பிலோ நீர் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் ஊசியால் எடுக்க முடியும். நீரே இல்லையென்றால் வேலை கடினம், வீங்கிய நிணநீர்க் கணுவிலிருந்து ஊசியில் எடுத்துப் பிசிஆர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன், கையில் இருக்கும் ரத்த அறிக்கையில் அல்புமின், குளோபுலின், பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) மூன்றும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.