ஹோண்டுராஸுக்குப் போகலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நாமக்கல்லைச் சேர்ந்தவள். பல ஆண்டுகளாக டெக்சாஸில் செவிலியராக வேலை செய்கிறேன். நாங்கள் செல்லும் திருச்சபையிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு குழு நடு அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்குப் போகிறது. பத்து நாள் பயணம். பாதிப் பேர் மருத்துவ முகாம் நடத்துவார்கள், மீதிப் பேர் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டுவார்கள். இந்த ஆண்டு இருபது பேர் போகிறோம். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் செலவு. முகாமுக்கு நானும், வீடு கட்டும் குழுவுக்குப் பதினேழு வயதாகும் என் மகனும் பெயர் கொடுத்திருக்கிறோம்.

இந்த நேரத்தில், சேவைப் பயணங்களைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையை என் தம்பி அனுப்பிவைத்தான். படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கொல்லிமலையில் மிஷனரிகளான பிராண்ட் தம்பதியர் செய்த பணியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே? அன்று யாராவது “நீங்கள் எதற்கு வருகிறீர்கள்?” என்று தடுத்திருந்தால் அந்த மலைமக்களுக்கு யார் மருந்து கொடுத்திருப்பார்கள்? போகிறவர்களைக் குறை சொல்வது எளிது. வீட்டிலேயே இருப்பவர்கள் என்ன செய்துவிட்டார்கள்? நாங்கள் போகலாமா, கூடாதா என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பி.கு.: கிராமத்துக்குக் கொண்டுபோகப் பழைய துணிகளும் காலணிகளும் சேகரிக்கிறோம். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வெளியிட வேண்டாத ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்கிறேன். நீங்கள் போகலாம், சில நிபந்தனைகளோடு. உங்கள் மகன் இருக்கும் வீடு கட்டும் குழு போக வேண்டாம்.

கொல்லிமலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேயே இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட் மலையேறி வந்தவர், இறங்கிப் போகவில்லை. 1929-இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அவருடைய மனைவி ஈவ்லின், மிஷன் தமக்கு ஓய்வு கொடுத்த பிறகு மலைகளுக்கே திரும்பினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அவர் 1974-இல் இறந்தார். 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகக் கற்றவர். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். சிகிச்சை முடிந்தவர்கள் தங்கித் தொழில் கற்பதற்காக அங்கே ‘நவ ஜீவ நிலையம்’ என்ற பெயரில் சில குடிசைகளையும் ஒரு தச்சுப் பட்டறையையும் அமைத்தார். குணமான கைகளில் மறுபடியும் காயங்கள் வந்தன. சில விரல்கள் ஒரே இரவில் குறைந்துபோயின. காவல் இருந்து பார்த்தபோதுதான், உணர்ச்சியற்ற விரல்களைத் தூக்கத்தில் எலி கடித்துத் தின்பது தெரிந்தது. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். பத்து நாளில் திரும்பிப் போகும் மருத்துவருக்கு இந்த எலி கண்ணில் படவே படாது. பிராண்ட் குடும்பத்தை யாரும் தடுத்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு உங்களோடு முழு உடன்பாடு. ஆனால் உங்கள் பயணத்துக்கு அவர்களைச் சாட்சியாக அழைக்க முடியாது.

இனி ஹோண்டுராஸ். 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் அந்த நாட்டின் மீது நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆறுகள் பாலங்களையும் ஊர்களையும் இழுத்துக்கொண்டு போயின. அதற்குப் பின் வட அமெரிக்கத் திருச்சபைகள் கூட்டம் கூட்டமாக வீடு கட்டப் போயின. அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த சமூகவியலாளரும் தாமே விசுவாசமுள்ள கிறிஸ்தவருமான கர்ட் வெர் பீக், அந்த வீடுகளைப் பற்றிய தம் ஆய்வை 2006-இல் வெளியிட்டார். வெளிநாட்டுக் குழு வந்து கட்டிய வீட்டுக்கு, பயணச்செலவையும் சேர்த்தால், சராசரியாக முப்பதாயிரம் டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டிய வீட்டுக்கு ஆனது இரண்டாயிரம் டாலர். இரண்டு வகை வீட்டிலும் குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்களிடமும், “இந்தப் பயணம் என்னை மாற்றிவிட்டது” என்று அவர்கள் சொன்ன அளவுக்கு நிலைத்த மாற்றம் இல்லை.

ஒரு வீட்டின் விலைக்குப் பதினைந்து வீடுகள். இன்று விலைவாசி ஏறியிருக்கும், விகிதமும் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனாலும் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும் பத்துப் பேரின் பயணத்துக்கு மட்டும் இருபதாயிரம் டாலர். அந்தக் கிராமத்தில் கொத்தனார் இருக்கிறார். சித்தாள் வேலைக்குப் பெண்களும் இளைஞர்களும் இருக்கிறார்கள். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்ப அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது கூலி. கூலி கிடைக்காமல்தான் அங்கிருந்து ஆண்கள் வடக்கே, நீங்கள் வாழும் டெக்சாஸ் எல்லையை நோக்கி, உயிரைப் பணயம் வைத்து நடக்கிறார்கள். கரணையைப் பிடித்தே பார்க்காத ஒரு பையன் விமானத்தில் வந்து கல் அடுக்குவதை, வேலையில்லாத கொத்தனார் ஓரமாக நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகனின் மனம் நல்ல மனம், அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த நல்ல மனம் ஒரு கொத்தனாரின் வேலையைப் பறிக்கக் கூடாது.

மருத்துவ முகாமின் கதை வேறு. அதற்கு ஒரு நோயைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வீடும் மருத்துவமும் ஒன்றாகச் சேர்கின்றன.

நடு அமெரிக்காவின் மலைக்கிராமங்களில் மூட்டைப்பூச்சிக்கு உறவான, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பூச்சி இருக்கிறது. ஊர்மக்கள் அதைச் சின்ச்சே என்பார்கள். பகலில் மண்சுவரின் விரிசலிலும் ஓலைக்கூரையிலும் பதுங்கியிருக்கும். இரவில் தூங்குபவரின் ரத்தத்தைக் குடித்துவிட்டு அங்கேயே கழிக்கும். அரிப்பெடுத்து அவர் சொறியும்போது அந்தக் கழிவிலுள்ள ஒட்டுண்ணி உடலுக்குள் போகிறது. இதுதான் சாகஸ் நோய். பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் 1909-இல் கண்டறிந்தது. தொற்றிய காலத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, தொற்றியவர்களில் பத்தில் மூவர் வரை இதயம் பழுதாகி அவதிப்படுகிறார்கள்.

உங்கள் முகாமுக்கு மூச்சு வாங்குகிறது என்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாகஸ் என்று உறுதி செய்ய முடியாது. தொற்று உறுதியானவருக்கு, அது இதயத்தை வெகுவாகக் கெடுக்கும் முன் கொடுக்க வேண்டிய மருந்து பென்ஸ்நிடசோல். பெரியவர்களுக்கு வழக்கமாக அறுபது நாள் தர வேண்டும். தோல் தடிக்கும், நரம்பு வலிக்கும், பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இடையிடையே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாள் முகாமுக்குள் அறுபது நாள் மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள்? ரத்த அழுத்தமும் நீரிழிவும் அப்படித்தான். முப்பது நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தால் முப்பத்தொன்றாம் நாள் யார் கொடுப்பார்? செவிலியரான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த நோயை ஹோண்டுராஸ் எதிர்கொண்ட விதத்தைப் பாருங்கள். 2003 முதல் அந்நாட்டின் சுகாதார அமைச்சகமும் ஜப்பானிய அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைகாவும் சேர்ந்து பணியாற்றின. வீடு வீடாக மருந்து தெளித்தார்கள். கிராமத்துத் தொண்டர்கள் பூச்சியைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், எந்த வீட்டில் பூச்சி திரும்பியது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஜப்பானிய இளைஞர்களும் தொண்டர்களாக வந்தார்கள். ஆனால் வழக்கமாக இரண்டு ஆண்டு தங்கினார்கள், ஸ்பானிய மொழி கற்றார்கள், உள்ளூர் அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஓலைக்கூரையை நம்பி வாழ்ந்த ஒரு முக்கியப் பூச்சி இனத்தின் மூலம் நோய் பரவுவது ஹோண்டுராஸில் நின்றுவிட்டது என்று 2011-இல் சான்று கிடைத்தது. வெளியிலிருந்து வந்த இளைஞர்கள் பயன்பட மாட்டார்கள் என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு இனம் மிச்சமிருக்கிறது. அது காட்டிலும் வாழும். மருந்து அடித்தால் போய்விட்டு, சுவரில் விரிசல் இருந்தால் திரும்பி வரும். பக்கத்து நாடான குவாதமாலாவில் சான் கார்லோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு ஊர்மக்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். உள்ளூர் மண், சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல் கலந்த பூச்சைச் சுவருக்குப் பூசுவது, தரையைக் கெட்டிப்படுத்துவது, கோழிகளை வீட்டுக்கு வெளியே அடைப்பது. பூச்சு வேலையைக் குடும்பத்தாரே செய்தார்கள். புதிய வீடு தேவைப்படாத பல குடும்பங்களுக்கு இதுவே போதும். உங்கள் திருச்சபை வீட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தை இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுத்தால் எத்தனை சுவர்களின் விரிசல் மூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் சபையில், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு வேற்றினத்தான் ஒருவன் உதவியதைச் சொல்லும் பைபிளின் நல்ல சமாரியன் கதையைச் சொல்லித்தான் இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்த்திருப்பார்கள். அந்தக் கதையின் பிற்பகுதியைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், மறுநாள் புறப்படும்போது சத்திரத்தான் கையில் இரண்டு பணம் கொடுத்தான், கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அவனுக்குப் போக வேண்டிய வேலை இருந்தது. அதில் தவறில்லை. அங்கேயே இருக்கப்போகிறவனிடம் பொறுப்பையும் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹோண்டுராஸின் சின்னக் கிராமங்களில் அந்தச் சத்திரத்தான் பெரும்பாலும் ஒரு துணைச் செவிலியர். மருத்துவர் இல்லாத சிறு சுகாதார நிலையத்தை அவர் ஒருவரே நடத்துவார். தடுப்பூசி, கர்ப்பிணி, காய்ச்சல் எல்லாம் அவர் கையில். நீங்கள் போகும் ஊருக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இன்றே உங்கள் குழுத் தலைவரிடம் கேளுங்கள். இருந்தால், புறப்படும் முன் அவருடன் தொலைபேசியில் பேசுங்கள். எந்த மருந்து தேவை என்று அவர் சொல்லட்டும், அவர் சொல்லாததைக் கொண்டுபோக வேண்டாம். முகாமை அவருடைய நிலையத்திலேயே அவர் பொறுப்பில் நடத்துங்கள். யாருக்கு அழுத்தம் கூடுதல், யாருக்குச் சர்க்கரை என்ற பதிவேட்டை ஸ்பானிய மொழியில் எழுதி அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். நோயாளியின் முன்னால் அவரைவிட நீங்கள் பெரியவர் என்ற எண்ணம் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எழுந்துவிட்டால் ஊர்மக்கள் அடுத்த கோடை வரை வெள்ளைக்காரக் குழுவுக்காகக் காத்திருப்பார்கள், பக்கத்திலிருக்கும் அவரிடம் போக மாட்டார்கள். இப்படி உள்ளூர்ப் பணியாளர்களைச் சார்ந்து நடப்பது முடியாத காரியமில்லை. இன்டிபுகா மாநிலத்தில் ஷோல்டர் டு ஷோல்டர் என்ற அமைப்பு, ஹோண்டுராஸ் பணியாளர்களைக் கொண்டு ஆண்டு முழுவதும் மருத்துவமனைகள் நடத்துகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் குழுக்கள் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

கூட வருபவர்கள் வரிசையில் நிற்கும் நோயாளிகளிடம் பிரசங்கம் செய்ய விரும்பினால் தடுத்துவிடுங்கள். அங்கே பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஊரில் போதகரும் இருப்பார்.

உங்கள் மகனிடம் இந்தப் பதிலை நீங்களே படித்துக் காட்டுங்கள், கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனுக்கு வீடு கட்டத்தான் ஆசை என்றால் டெக்சாஸிலேயே வழி இருக்கிறது. மில்லார்ட், லின்டா ஃபுல்லர் தம்பதியர் 1976-இல் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டியின் கிளைகள் அங்கே பல ஊர்களில் இருக்கின்றன. வீடு பெறப்போகும் குடும்பமும் தன் உழைப்பைத் தர வேண்டும், கடனாகப் பணத்தையும் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் முறை. சனிக்கிழமைதோறும் போய் வேலை தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளட்டும். கூடவே ஸ்பானிய மொழியும் படிக்கட்டும். அவனுடைய பயணப் பணம் இரண்டாயிரம் டாலரை உங்கள் கையில் கொடுத்தனுப்பட்டும். அந்த ஊர்த் திருச்சபை வழியாகக் கொத்தனாருக்குக் கூலியாகப் போகட்டும்.

பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாக வந்த பழந்துணி, எடுப்பாரில்லாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. எல்லாம் இழந்திருந்த மீனவக் குடும்பங்களும் பிறர் உடுத்திக் கழித்ததைத் தொடவில்லை. ஹோண்டுராஸ் சந்தைகளில் அமெரிக்கப் பழந்துணி ஏற்கெனவே மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வருகிறது, நீங்கள் பெட்டியில் வைத்துச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. காலணி வாங்கிக் கொடுக்க விரும்பினால், அளவு கேட்டு, அந்த ஊருக்குப் பக்கத்துக் கடைத்தெருவிலேயே வாங்குங்கள்.